சீனப் பொம்மை கப்பலேறும் முன்

சீனத் தொழிற்சாலையில் பொம்மை ஆர்டர் செய்து 30 சதவீத அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதி 70 சதவீதப் பணத்தை இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பார்க்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். சரக்கு முழுதும் தயாராகி, 80 சதவீதமாவது பேக் ஆன பிறகுதான் ஆய்வாளர் போக வேண்டும். 2,000 பொம்மை என்றால், எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் பொது நிலை இரண்டில் (வழக்கமான ஆய்வு அளவு), 125 எடுத்துப் பார்ப்பார். பெரிய குறைக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறையின் வரம்பு) 2.5 என்றால், அந்த 125-ல் குறையுள்ளவை 7 வரை ஏற்கலாம். 8 ஆனால் லாட்டையே, அதாவது மொத்தச் சரக்கையே, நிராகரிக்க வேண்டும். பெட்டிகளை அடுக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் அவரே இழுக்கட்டும். தொழிற்சாலைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!

கண்ணால் பிடிக்க முடியாதது பெயிண்ட். சாம்பிள் பாஸான பிறகு மலிவான மஞ்சளோ சிவப்போ மாற்றினால் ஈயம் நுழைந்துவிடும். குழந்தை வாயில் வைக்கிற பொருள் இது. அதனால் லாட்டிலிருந்தே எடுத்து லேபுக்கு அனுப்புங்கள்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான லைசென்ஸ் பொம்மை செய்யும் தொழிற்சாலையின் பெயரில்தான் இருக்கும். அட்வான்ஸுக்கு முன்பே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.