இடிந்ததைக் கட்டிய மூன்று நகரங்கள்

ஐரோப்பா என்றதும் பேச்சு பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து பக்கம்தான் போகும். நானும் கணவரும் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் போய் வந்தோம். மூன்றும் ஒரு காலத்தில் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் கீழ் இருந்த ஊர்கள். பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு ஷெங்கன் விசா மூன்றுக்கும் போதும். பணம்தான் ஊருக்கு ஊர் மாறும்: கொருனா, யூரோ, ஃபோரின்ட்.

பிராக்கில் எல்லோரும் முதலில் போய் நிற்பது 1410-இல் செய்த வானியல் கடிகாரத்தின் முன்னால். மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, மேலே சன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அண்ணாந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது சார்லஸ் பாலம். மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் தொடங்கிய கல் பாலம், அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரண்டு பக்கமும் 30 சிலைகள். வண்டிகள் கிடையாது, நடப்பவர்கள் மட்டும்தான். விடிந்த கையோடு போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சிலைகளைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

ஒவ்வொரு சிலையாகப் பார்த்துக்கொண்டே வந்த கணவர் திடீரென்று, "ஏய் இங்க பாரு, எங்க ஊரு சவேரியாரு!" என்றார். இவருக்கு நாகர்கோவில். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா பார்த்து வளர்ந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களோடு வாழ்ந்த அதே பிரான்சிஸ் சவேரியார், வுல்தாவா ஆற்றின் மேல் உயரமாக நிற்கிறார். பீடத்தைக் கீழைத் தேசத்து மனிதர்கள் தோளில் தாங்குகிறார்கள். செய்தவர் பிரோகோஃப் என்ற சிற்பி. 1890 வெள்ளத்தில் பாலத்தின் மூன்று வளைவுகள் இடிந்தபோது மூலச் சிலை ஆற்றில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது பிறகு வைத்த நகல். நகல் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவருக்கு அது பொருட்டாகவே இல்லை. "விழுந்ததை அப்படியே விடாம திரும்ப வெச்சாங்க பாரு" என்றார். அதற்கப்புறம் போன இடமெல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

வியன்னாவில் ஷேன்புருன் அரண்மனை பிரம்மாண்டம், 1,441 அறைகள். இசைமேதை மோட்சார்ட் ஆறு வயதில் அரசி மரியா தெரேசா முன் வாசித்தது அங்கேதான். ஆனால் என் மனம் போனது ஸ்டீஃபன் தேவாலயத்துக்கு. 1683-இல் நகரத்தை முற்றுகையிட்ட துருக்கிய ஒட்டோமான் படை விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி, 1711-இல் 'பும்மரின்' என்ற பெரிய மணியை வார்த்தார்கள். 1945 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், பக்கத்துக் கட்டடங்களில் பிடித்த தீ தேவாலயத்துக்கும் பரவி மரக்கூரை முழுக்க எரிந்தது. மணி விழுந்து நொறுங்கியது. அந்தத் துண்டுகளையே சேர்த்துப் புது மணி வார்த்து 1952-இல் வியன்னாவுக்குக் கொண்டுவந்தார்கள். எடை 20 டன்னுக்கு மேல். வடக்குக் கோபுரத்தில் லிஃப்டில் ஏறிப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஏறுங்கள், நாங்கள் ஏறினோம். வண்ண ஓடுகள் வேய்ந்த கூரை அத்தனை அழகு. அதைத் தாங்கும் சட்டகம் இப்போது எஃகு.

புடாபெஸ்டில் நாடாளுமன்றத்துக்கு அருகே, டான்யூப் கரை ஓரமாக 60 ஜோடி இரும்புச் செருப்புகள், ஷூக்கள். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை இங்கே கொண்டுவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். அந்த நினைவுச் சின்னம் 2005-இல் வைத்தது. குழந்தைகளின் சின்னச் சின்ன ஷூக்களும் இருக்கின்றன. யாரோ அவற்றுள் பூ வைத்திருந்தார்கள். இங்கே தயவுசெய்து செல்ஃபி எடுக்காதீர்கள். எடுத்தவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அங்கிருந்து சற்றுத் தெற்கே நடந்தால் சங்கிலிப் பாலம். 1849-இல் திறந்தது. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்தது. போர் முடிந்தபோது நகரத்தின் டான்யூப் பாலங்களில் ஒன்றுகூட முழுதாக இல்லை. இதைச் சரியாக நூறாவது ஆண்டில், 1949 நவம்பரில், மறுபடி திறந்தார்கள். இப்போது தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை என்பதால் நிம்மதியாக நடக்கலாம். கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கமிருந்து மேற்குக் கரையான புடாவை நோக்கிக் காலையில் நடங்கள். வெயில் முதுகில் விழும், எதிரே குன்றின் மேல் கோட்டை பளிச்சென்று தெரியும்.