எந்த இடத்தில் கைதட்டினீர்கள்?

மாஸ்ரர் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே கனடாவில் விடியப்புறம். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு ஏற்கெனவே கட்டுரை கேட்டிருந்தது. இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எதையாவது எழுதலாம் என்றிருந்தேன். அதை மற்றவர்கள் எழுதட்டும். எங்கள் தமிழ் மாஸ்ரரைப் பற்றி, அதுவும் அவர் எங்களுக்குப் படம் பார்க்கச் சொல்லித் தந்ததைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

மனோகரா, ராஜா, வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, லிடோ என்று யாழ்ப்பாணத்துத் தியேட்டர்கள். பள்ளிக்கூடப் பின்மதில், மெட்னி, கலரி ரிக்கற், அப்புறம் திங்கட்கிழமை அசெம்பிளி. இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1972 இல் இலங்கை அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்த பிறகு இந்தியப் படங்கள் குறைந்துபோயின, வந்தவையும் பிந்தித்தான் வந்தன. அதனால் கிடைத்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து வசனம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தோம்.

உயர்தரம் படித்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை. எம்.ஜி.ஆர் படத்துக்குப் போய்ப் பிடிபட்டவர்களை மேடையில் ஏற்றினார்கள். சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது, குடும்பத்தைக் கெடுக்கிறது, நாட்டைக் கெடுக்கிறது என்று நீண்ட பேச்சு, பிறகு பிரம்பு. என் பக்கத்துக் கதிரை நண்பனும் அதில் ஒருவன். முழுப் பள்ளிக்கூடமும் பார்க்க அடி வாங்கிவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் இருந்தான். அடுத்த பாடம் தமிழ். மாஸ்ரர் உள்ளே வந்தார், அவனுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், மெல்ல மூடிவிட்டார்.

"சரி, அடி விழுந்து முடிஞ்சுது. இனிப் படத்தைப் பற்றிக் கதைப்பம். எந்த இடத்திலை சனம் கைதட்டினது?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எம்.ஜி.ஆர் குடிசைக்குள்ளை போய் அந்தச் சனத்தோடை இருந்து சாப்பிடேக்கை சேர். கலரி முழுக்க எழும்பி நிண்டுது."

"நீரும் தட்டினீரோ?"

"ஓம் சேர்."

"நல்லது. தட்டத்தான் வேணும். உங்கட வளவிலை பனை ஏற வாற மனுசனுக்கு எதிலை தேத்தண்ணி குடுக்கிறவை?"

கேள்வியை அவனிடம் கேட்டாலும் அவர் கண் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பில் பேணியில், அதாவது குவளையில், குடித்தவர்களும் இருந்தோம், சாதியால் பேணி கிடைக்காத வீடுகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்ரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கம்பராமாயணத்தைத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் பனை ஏற வருகிறவருக்கான சிரட்டை கிடுகு வேலியில் கவிழ்த்துச் செருகியிருக்கும். அதை அவரே எடுத்து, கழுவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குனிந்து நிற்பார். அம்மம்மா செம்பை உயரத் தூக்கி, செம்பின் விளிம்பு சிரட்டையில் படாமல் ஊற்றுவா. ஒரு சொட்டும் சிந்தாது, அவ்வளவு பழக்கம். பிறந்த நாளிலிருந்து பார்த்த காட்சிதான், ஆனால் அன்று பின்னேரம்தான் நான் அதைப் பார்த்தேன். இதே அம்மம்மாதான் சிவாஜி படத்தில் ஏழைத் தாய் படும் பாட்டைப் பார்த்துச் சேலைத்தலைப்பு நனைய அழுகிறவ. படம் முடிந்து வீடு வந்தும் அந்தத் தாயைப் பற்றியே கதைப்பா. அவ கெட்ட மனுசி இல்லை, பசி என்று வந்த ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவ. "அங்கை அழுதனீங்கள், இஞ்சை ஏன் இப்பிடி?" என்று கேட்டேன். "அது படமெல்லோ மேனை" என்றா.

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். சினிமா ஆளைக் கெடுக்கும், கொலை செய்யப் பழக்கும், குடிக்கப் பழக்கும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம். நல்ல படம் வந்தால் சமுதாயம் திருந்திவிடும் என்று நம்புகிறவர்கள் மறுபக்கம். எனக்குப் பெரிய பயம் வேறு. இருட்டில் மூன்று மணித்தியாலம் நல்லவர்களாக இருந்துவிட்டு, அழவேண்டியதை அழுது முடித்துவிட்டு, கடன் தீர்ந்த ஆறுதலோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோமே, அதுதான். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் பேணி பொதுவானது எந்தக் கதாநாயகனாலும் இல்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய்ப் பொலிசிடம் அடி வாங்கியவர்களாலும், அவர்களுக்குப் பின்னால் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் துணிந்து நுழைந்தவர்களாலும்தான்.

இதைச் சொல்லும்போது மாஸ்ரரைச் சினிமாவுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் குடிக்காத, புகைக்காத எம்.ஜி.ஆரைப் பார்த்தே சிகரெட்டைத் தொடாமல் இருந்த ஆட்கள் ஊரில் உண்டு, அதைக் குறைத்துப் பேசக்கூடாது என்று அவரே சொல்லுவார். காந்தியை எடுத்துக்காட்டுவார். 1927 இல் ரங்காச்சாரி தலைமையில் சினிமா விசாரணைக் குழு அமைந்து அபிப்பிராயம் கேட்டபோது, சினிமாவால் தீமைதான் என்று பதில் எழுதியவர் காந்தி. அதே காந்தி சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மை பேசக்கூடாது என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தன் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். நாடகம் முடிந்த பிறகும் தனக்குள் அதைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்தாராம். "நாடகம் பாதி வேலைதான் செய்தது, மிச்சத்தை அந்தப் பிள்ளை வீட்டிலை செய்தது" என்பார் மாஸ்ரர்.

1977 இல் 'பொன்மணி' வந்தது. எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர், யாழ்ப்பாணத்திலேயே எடுத்த தமிழ்ப் படம். சீதனம் கொடுக்க வழியில்லாத வீடு, வேறு சாதிப் பையனோடு போகிற கடைசி மகள், கடைசியில் கொலை. சண்டை இல்லை, விசிலடிக்க ஒரு ஆள் இல்லை, திரையில் எங்கட கதை, எங்கட முற்றம். தியேட்டரில் சனம் நெளிந்தது, சிலர் பாதியில் எழும்பிப் போனார்கள். படம் அதிக நாள் ஓடவும் இல்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது மாஸ்ரர் சொன்னார்: "இதிலை கைதட்ட இடமே இல்லை, கவனிச்சனீங்களோ? எங்களை நல்லவை எண்டு சொல்லாத படம்." பத்திராஜ 2018 இல் காலமானபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மாஸ்ரருடைய இந்தப் பேச்சுத்தான்.

83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம். அவர் வெளிக்கிடவில்லை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சனத்தோடு சனமாக நடந்து தென்மராட்சிக்குப் போய், அங்கே மரநிழலில் இருத்திப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளைகளிடமும் ஏதாவது கேட்டிருப்பார். நாங்கள் வந்த இடத்தில் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் கிடைத்தது, எங்களை அப்படிக் கேட்க ஒருவரும் கிடைக்கவில்லை. ஊரை விட்டதில் நான் இழந்ததில் பெரியது அதுதான்.

2018 இல் சாதிக் கொடுமையைச் சொல்லும் 'பரியேறும் பெருமாள்' படம் வந்தபோது இங்கே ஸ்காபரோவில் குடும்பம் குடும்பமாகப் போனோம். கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. வெளியே வந்து எல்லாரும் அருமையான படம், சமுதாயத்துக்குத் தேவையான படம் என்றார்கள். அதே கிழமை எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் மணமகள் தேவை விளம்பரங்களைப் பார்த்தேன். எந்த ஊர், எந்தச் சாதி என்பதெல்லாம் பனியிலும் பழுதாகாமல் அப்படியே இருந்தன. படத்தைப் பார்த்த பிள்ளைகள்தான் வீட்டில் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கிற பிள்ளைக்கு "அது படம்தானே" என்று நாங்களும் பதில் சொன்னால் என்ன செய்வது?

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடாவருடம் இராப்போசன விருந்து வைக்கிறோம், நல்லது, வைப்போம். அதோடு மாஸ்ரர் பெயரில் வருடத்துக்கு ஒரு படம் போடுவோம். முதற்படமாகப் 'பொன்மணி'யையே போடலாம். படம் முடிந்ததும் சாப்பாட்டுக்கு எழும்பாமல் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கவேண்டும், பிள்ளைகள்தான் முதலில் கேட்கவேண்டும், பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும். மண்டபச் செலவை எங்கள் வகுப்புப் பொறுப்பெடுக்கும். நண்பர்களிடம் கேட்டுவிட்டேன், அன்று மேடையில் அடி வாங்கியவன்தான் முதலில் ஓம் என்றான்.