நோரா ஜோன்ஸும் புளூ நோட்டும்

"நோரா ஜோன்ஸ் பாடுறது ஜாஸே இல்லப்பா. புளூ நோட் பேரு கெட்டதே அவங்களாலதான்." அமெரிக்கப் பாடகி நோராவையும், அவர் பாட்டுகளை வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட்டையும் பற்றி மதியச் சாப்பாட்டில் நண்பர் இப்படிச் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை.

2002-இல் வந்த நோராவின் முதல் ஆல்பத்தை மறுபடி போட்டுக் கேட்டேன்.

குரலை உயர்த்துவதே இல்லை. தாளத்துக்கு ஒரு இழை பின்னால், அவசரமில்லாமல் சொல்லை வைக்கிறார். கத்திப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்த நிதானம்தான் அபூர்வம்.

சரி, அது முழு ஜாஸ் இல்லை. கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் வாசனை தூக்கல்தான்.

ஆனால் 1939-இல் ஆல்ஃபிரட் லயன் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நிறுவனம், ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கின் இசைத்தட்டுகள் சரியாக விற்காத காலத்திலும் 1947 முதல் அவரை விடாமல் பதிவு செய்தது.

காதுக்குப் பிடித்தவரை நம்பிப் பதிவு செய்வதுதான் அவர்களுடைய மரபு. நோரா அதற்குள்தான் வருகிறார். கோடிப் பிரதிகள் விற்றது அவர் குற்றமா?