ஃபில்டர், டிரம், இருமல்

பிப்ரவரி 4
நேத்தும் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு இருமல். அவர் ரூமுக்கும் நம்ம மரப் பட்டறைக்கும் நடுவுல ஒரே சுவர், கதவுக்கு அடியில ஒரு விரல் நுழையிற சந்து. காலையில எழுந்ததும் முதல் வேலையா அதுக்கு ரப்பர் பட்டை அடிச்சேன்.

பிப்ரவரி 5
லைட்டெல்லாம் அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். மரம் தேய்க்கிற சாண்டரை நிறுத்தி அரை மணி நேரம் இருக்கும், தரை சுத்தம், மெஷின் மேல ஒண்ணுமில்ல, ஆனா வெளிச்சம் போற பாதை பூரா பொடி மிதந்துட்டே இருக்கு. பெருக்கி அள்ளுறோமே அந்தத் தூளும் சுருளும் எனக்குக் கவலையே இல்ல, அது அதுபாட்டுக்குக் கீழ கிடக்கும். நுரையீரல் அடி வரைக்கும் போறது 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ இருக்கிற பொடி, அது தரைக்கு இறங்க மணிக்கணக்கா ஆகும். விளக்குமாத்தை எடுத்தா திரும்ப மேல கிளம்பிடும். இனிமே பட்டறையில விளக்குமாறே கூடாது, ஈரத்துணியும் வாக்குவமும்தான்.

பிப்ரவரி 6
அப்பாவோட ஸ்கேன் ரிசல்ட் வரல.

பிப்ரவரி 8
இன்னிக்கு முழுக்க தூளை உறிஞ்சுற டஸ்ட் கலெக்டரோட ஃபில்டரோடதான். பழைய துணிப்பையைக் கழட்டி ஓரமா போட்டாச்சு, அந்த மாதிரிப் பை பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு மேல இருக்கிறதைத்தான் பிடிக்கும், அதாவது தரையில கிடக்க வேண்டிய நைஸ் பொடியை உறிஞ்சி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவந்து ரூம் பூரா ஊதி விடுற மெஷின் அது, அதைப் போட்டுக்கிட்டு டஸ்ட் கலெக்டர் இருக்குன்னு நிம்மதியா வேலை பாக்குறதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது. இப்ப இருக்கிறது மடிப்பு மடிப்பா இருக்கிற 1 மைக்ரான் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கிட்டு, மாஸ்க் போட்டு, வாசலுக்குத் தூக்கிட்டுப் போய் வெளிப்பக்கத்துலேந்து உள்பக்கமா காத்து அடிச்சேன், பிரஷரைக் கொறச்சு, தள்ளி நின்னு. கிட்ட வச்சு வேகமா அடிச்சா மடிப்புல ஓட்டை விழும், அப்புறம் அந்த ஃபில்டரே இருந்தும் இல்லாத மாதிரிதான். ரொம்பவும் பளிச்சுன்னு ஆக்கணும்னும் இல்ல, துணியில லேசாப் படிஞ்ச பொடிதான் அதைவிட நைஸான பொடியைப் பிடிக்குது.

பிப்ரவரி 9
சுவத்துல U வடிவத்துல ஒரு டியூப் மாட்டிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டியூபை வளைச்சு ஆணியில கட்டி, பாதிக்குக் கலர் தண்ணி ஊத்தி, ஒரு முனையை ஃபில்டருக்குக் கீழ இருக்கிற வளையத்துல சின்னதா துளை போட்டுச் சொருகினேன், இன்னொரு முனை திறந்தபடி. மோட்டார் ஓடினதும் ஒரு பக்கம் தண்ணி இறங்குது, மறுபக்கம் ஏறுது. சுத்தமான ஃபில்டருக்கு எங்க நிக்குதோ அங்க மார்க்கர்ல கோடு. அடைக்க அடைக்க அந்த வித்தியாசம் கூடிக்கிட்டே போகும்.

அப்பா எட்டிப் பாத்துட்டு, "என்னடா தண்ணிய வச்சு வெளையாடிட்டு இருக்க"ன்னார். "ஃபில்டர் அடைச்சா இது காட்டிக் குடுக்கும்ப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்துட்டு நின்னார்.

பிப்ரவரி 11
1995லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை முதல் குரூப்ல போட்டுடுச்சு, சந்தேகமே இல்லாம புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான குரூப் அது. மூக்கு, சைனஸ் பக்கம். அப்பா அதுக்கு முன்னாடியும் ரம்பம் பிடிச்சவர், அதுக்கப்புறமும் பிடிச்சவர், மூஞ்சில ஒரு துண்டு கூட கட்டினதில்ல. இதை அவர்கிட்ட சொல்லல. சொல்லப் போறதுமில்ல.

பிப்ரவரி 12
தண்ணி கோட்டைத் தாண்டி நிக்குது, சுத்தம் பண்ணி நாலு நாள்தான் ஆகுது! தூளைச் சுழட்டி டிரம்முல இறக்குற சைக்ளோன் இருக்கிறப்ப ஃபில்டருக்கு இவ்ளோ தூள் போகவே கூடாது. டிஷ்யூ பேப்பரை நாடாவாக் கிழிச்சு, மோட்டார் ஓட ஓட டிரம் மூடியைச் சுத்தி மெதுவா நகத்திட்டே வந்தேன், க்ளாம்ப் பக்கத்துல ஒரே இடத்துல பேப்பர் சட்டுனு ஒட்டிக்கிச்சு. அதான். மூடிக்கு அடியில காத்து புகாம அடைக்கிற கேஸ்கட் அங்க தட்டையாகிப் போச்சு. அந்தச் சின்ன இடுக்கு வழியா காத்து உள்ள வந்தாப் போதும், டிரம்முல விழுந்த தூளைக் கிளப்பி மேல ஃபில்டருக்கே அனுப்பிடும். டிரம் நெறஞ்சாலும் இதே கதைதான். புது ஃபோம் கேஸ்கட் ஒட்டியாச்சு.

பிப்ரவரி 13
கோட்டுலயே நிக்குது. ராத்திரி இருமல் இல்ல.

பிப்ரவரி 14
இருமல்.

பிப்ரவரி 15
இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம். ஏன்னு கேட்டா பாத்துட்டுச் சொல்றோம்னு மட்டும் பதில், பாத்துட்டுத்தானே போன வாரமும் அனுப்பினீங்க?

எம்டிஎஃப்ல, அதான் மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகையில, ஷெல்ஃப் கேட்டு ஒருத்தர் வந்தார், முடியாதுன்னுட்டேன். அந்தப் பொடி ரொம்ப நைஸ், அதுல ஃபார்மால்டிஹைடு பசை வேற. அவர் பிளைவுட்டுக்கு இறங்கி வந்தார், அதையும் இப்ப வேண்டாம்னேன், அதுலயும் பசைதான். அப்பா ரூம் சுவர் பக்கத்துல இதெல்லாம் எதுவும் அறுக்கறதா இல்ல.

பிப்ரவரி 17
சாண்டரை பெரிய கலெக்டர்லேந்து பிரிச்சு தனி வாக்குவத்துல மாட்டினேன். 4 இஞ்ச் குழாயை 2 இஞ்சா சுருக்கினா வாய் பாதி இல்ல, கால்வாசி, கலெக்டரோட பெரிய விசிறிக்கு அந்தச் சின்ன வாய் வழியா இழுக்கிற சக்தி கிடையாது, வாக்குவத்துக்கு உண்டு. உப்புத்தாள் டிஸ்க் ஓட்டையும் சாண்டர் பேட் ஓட்டையும் நேரா இருக்கான்னு விரல் வச்சுத் தடவிப் பாத்து ஒட்டணும், கொஞ்சம் விலகினாலும் பொடி உள்ள போகாம ஓரத்துல பறக்கும். ஓட்டிட்டு டார்ச் அடிச்சேன். ரொம்பக் கம்மி, நிஜமாவே ரொம்பக் கம்மி.

பிப்ரவரி 18
நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பணும், பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துக்கணும். டிரம்மை இப்பவே காலி பண்ணிடணும். வாக்குவம் ஹோஸ் வாய்கிட்ட காத்து லீக் ஆகுது, வர்ற வழியில ஒரு க்ளாம்ப்