மயக்க மருத்துவர் இல்லாமல் எண்டோஸ்கோபி: நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை

வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குத் தேதி கொடுத்தபோதே சொல்லிவிட்டார்கள், மயக்க மருத்துவர் இருக்க மாட்டார் என்று. இரைப்பை மருத்துவர் சொல்லும் அளவில் நர்ஸ் ஊசி போடுவார். எனக்குப் பலத்த குறட்டை உண்டு என்பதால், மயக்கத்தில் மூச்சு அடைத்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று திரும்பி வருவதைவிட, சந்தேகங்களை முன்பே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

என்ன மருந்து என்று முதலில் கேட்டேன். தூக்கம் வரவைக்கும் மிடாசோலமும் வலியைக் குறைக்கும் ஃபென்டானிலும் என்றார்கள். கொஞ்சம் நிம்மதி. அளவு மீறினால் மிடாசோலத்தை ஃப்ளுமசெனிலும், ஃபென்டானிலை நலாக்சோனும் முறிக்கும். புரோபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு முறிமருந்து கிடையாது. லேசான மயக்கத்தில் இருப்பவரைச் சட்டென்று ஆழத்துக்குக் கொண்டுபோய்விடவும் கூடும். அதையும் மயக்க மருத்துவர் அல்லாதவர்கள் கொடுப்பது உண்டு. அப்படிக் கொடுத்த 6,46,080 சிகிச்சைகளின் விவரங்களை 2009-ல் தொகுத்தபோது மரணங்கள் 4. இறந்தவர்களில் கணையப் புற்றுநோய், தீவிர இதயத்தசை நோய் இருந்தவர்கள் உண்டு. அப்படியானால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும், இல்லையா?

என் விஷயத்தில் அதைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார்கள், கழுத்தை அளந்தார்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் யாராவது கவனித்ததுண்டா என்று கேட்டார்கள். இதயம், நுரையீரல், சாப்பிடும் மாத்திரைகள் பற்றிய விசாரணையும் நடந்தது. திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொன்னார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி வேறு: என் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? மருத்துவரின் கண் திரையில் இருக்கும். ஊசி போடும் நர்ஸே திசு எடுக்கவும் உதவிக்கொண்டிருந்தால் என்னைக் கவனிக்க ஆளில்லை. திசு எடுக்க வேறொருவர் இருப்பார், ஊசி போடுபவருக்கு என்னைக் கவனிப்பது மட்டும்தான் வேலை என்றார்கள். இந்தப் பதில் வந்த பிறகுதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளிவிடும் மூச்சை அளந்து கண்காணிக்கும் கேப்னோகிராஃபியைப் பற்றியும் கேட்டேன். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைத்தான் காட்டும். மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே தெரியும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி கருவி அந்த எண் இறங்குவதற்கு முன்பே எச்சரித்துவிடும். குறட்டையைக் காரணம் காட்டியதும் அதை இணைக்க ஒப்புக்கொண்டார்கள். கேட்காமலே எல்லோருக்கும் இணைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஏற்றினார்கள். "கண்ணைத் திறங்க, மூச்சை நல்லா இழுங்க" என்று நர்ஸ் பேசிக்கொண்டே இருந்தது மங்கலாக நினைவிருக்கிறது. கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதுதான் மயக்கம் மிதமாக இருக்கிறதா என்று அறியும் வழி. அப்புறம் நடந்தது எதுவும் நினைவில்லை, மிடாசோலம் அப்படித்தான் செய்யும். முழுதாகத் தெளிந்து, துணைக்கு வந்தவரைப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அடுத்து பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இருக்கிறது. அதற்கு முன் தூக்கப் பரிசோதனையை முடித்துவிடப் போகிறேன். அதில் தீவிர மூச்சுத்தடை என்று வந்தால், மயக்க மருத்துவர் இருக்கும் நாளாகப் பார்த்துத் தேதி கேட்பேன்.