1965 பீட்டிலுக்கு பைபாஸ் ஒயில் பில்டர்: வேலை நாட்குறிப்பு

2 மார்ச் 2024, சனி

கார் 1965 வோக்ஸ்வாகன் பீட்டில். 1192 சிசி, 34 குதிரைவலு, 6 வோல்ட். இந்த எஞ்சினுக்குத் தொழிற்சாலை ஒயில் பில்டர் வைக்கவே இல்லை. எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் சம்ப்பின் அடியில் வட்டமாக ஒரு கம்பிவலை, அவ்வளவுதான். பிய்ந்த காஸ்கெட், உடைந்த துண்டுதுணுக்கு என்றால் வலை பிடிக்கும். மாப்போல் இருக்கும் உலோகப் பொடியும் கரியும் அதனூடாகப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 2.5 லீற்றர் ஒயிலை 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வடித்து ஊற்றச் சொன்னார்கள்.

பில்டர் பூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று ஃபுல்-ஃப்ளோ: பம்பிலிருந்து வரும் ஒயில் முழுவதும் பில்டருக்குள் போய்த்தான் கிராங்க் தண்டு சுழலும் பெயரிங்குக்கு வரும். அதற்கு வழக்கமாக எஞ்சின் கேஸைத் துளைத்து மரை வெட்ட வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல் அதைச் செய்தால் சீவல் உள்ளே விழும், பில்டர் பூட்டியே எஞ்சினைக் கெடுத்த கதையாகிவிடும். மற்றது பைபாஸ்: ஒயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் பச்சை விளக்கை எரிய வைக்கும் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலிருந்து கொஞ்ச ஒயிலைப் பிரித்தெடுத்து, பில்டருக்குள் விட்டு, திரும்பச் சம்ப்பில் ஊற்றுவது. கேஸில் கை வைக்க வேண்டாம். பில்டர் அடைத்தாலும் பெயரிங்குக்குப் போகும் ஒயில் நிற்காது. போர்ஷே 356 எஞ்சினில் தொழிற்சாலையே பூட்டிய பில்டரும் இந்த வகைதான்.

குறையையும் எழுதிவிட வேண்டும். இப்போது பெயர்ந்த ஒரு துகள் நேரே பெயரிங்குக்குப் போவதை பைபாஸ் தடுக்காது. அது மொத்த ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தப்படுத்துமே தவிர வாசலில் காவல் நிற்காது.

வேலை தொடங்கும் முன் பழைய நிலையை அளந்து வைத்தாயிற்று. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மானி பூட்டி, 20 கிலோமீற்றர் ஓடி வந்த பிறகு: ஐடிலில் 0.8 பார், 2500 ஆர்பிஎம்மில் 2.6 பார். புதிய எஞ்சினுக்கு 2500-இல் 3 பார் அளவு இருக்க வேண்டும், 2-க்குக் கீழே போனால் தேய்மானம் எல்லை கடந்துவிட்டது என்று கணக்கு. இந்த எஞ்சினுக்குக் கொடுக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 2500-இல் 2 பாரே வராத எஞ்சினுக்கு பைபாஸ் பூட்ட வேண்டாம். இருக்கிற அழுத்தத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.

3 மார்ச், ஞாயிறு

சூட்டோடு ஒயிலை வடித்து, வலையைக் கழற்றிக் கழுவியாயிற்று. ஆறு நட்டு, ஆறு செம்பு வாசர், வலைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு காகித காஸ்கெட். நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீற்றர் காணும். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் தகடு வளையும், வளைந்தால் இன்னும் கசியும், கடைசியில் மெக்னீசியம் கேஸிலிருந்து ஸ்டட் மரையோடு கழன்று வரும். வலையின் நடுத் துளையில் பம்பின் உறிஞ்சு குழாய் இடைவெளியின்றி உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும்.

9 மார்ச், சனி

சாமான் பெரும்பாலும் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. சுழற்றிப் பூட்டும் பில்டரும் அதற்கான இரண்டு வாய் உள்ள தலையும். 6 மிமீ உள்விட்டமுள்ள அழுத்த ஹோஸ் 90 செமீ, இரண்டு முனையும் ஹைட்ராலிக் கடையில் கிரிம்ப் செய்தது. திரும்பும் வழிக்கு 10 மிமீ ஒயில் ஹோஸ் 40 செமீ, கிளிப் இரண்டு. ஒரு பித்தளை டீ-இணைப்பு. அந்த இணைப்போடு வந்த பொதியில் ஒயிலை மட்டுப்படுத்தும் சின்னத் துளை, அதாவது ஜெட்டும் உள்ளே இருக்கிறது என்று விற்றவர் சொன்னார்.

ஹோஸ் வாங்கும்போது ரேடியேட்டர் ஹோஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தண்ணீருக்குச் செய்த இரப்பர் ஒயிலில் ஊறிப் பஞ்சாகிவிடும். மேலே அச்சடித்திருப்பதைப் படித்து, ஒயிலுக்கு உரியதா, 120 பாகை தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் தடித்த ஒயிலில் அழுத்தம் வழக்கத்தைவிட எங்கோ மேலே போகும். கிளிப் போட்ட சாதாரண ஹோஸை அழுத்தப் பக்கத்தில் நம்பவே கூடாது.

மரைதான் இந்த வேலையின் பெரிய பொறி. பிரஷர் சுவிட்ச் துளை M10×1 (விட்டம் 10 மிமீ, மரைக்கு மரை 1 மிமீ), கூம்பு மரை. கடைகளில் கைக்கெட்டுவது எல்லாம் பிரித்தானியக் குழாய் மரையான 1/8 பிஎஸ்பி அல்லது அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்பிடி. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிஎஸ்பி 9.73 மிமீ, அங்குலத்துக்கு 28 மரை; துளையில் லொடலொடவென்று இறங்கும், மூன்றாம் நாள் கசியும். என்பிடி 10.29 மிமீ, அங்குலத்துக்கு 27 மரை. இரண்டு சுற்று நல்ல பிள்ளைபோல் போய் அப்புறம் இறுகும். சரியாகத்தான் பிடிக்கிறது என்று ஸ்பனர் போட்டால் கேஸின் மரை போயிற்று. பழைய சுவிட்சைக் கையில் கொண்டுபோய் மரை அளவியால் ஒப்பிட்டு வாங்குவதே ஒழுங்கு. வந்த டீ-இணைப்பு பிஎஸ்பி. திருப்பிக் கொடுத்து M10×1 வாங்க இன்னொரு பயணம்.

10 மார்ச், ஞாயிறு

பில்டரின் இடம். எஞ்சின் அறையின் வலச் சுவரில், வாய் மேலே பார்க்க நிமிர்த்திப் பூட்டியாயிற்று. நிமிர்ந்திருந்தால் மாற்றும்போது ஒயில் ஊற்றி நிரப்பிப் பூட்டலாம், கழற்றும்போது மேலெல்லாம் ஊற்றாது. மூன்று மிமீ தகட்டில் பிரக்கட், உள்ளே ஒரு பெரிய வாசர் தகடு. சுவர்த் தகடு மெல்லியது, வெறும் போல்ட் மட்டும் போட்டால் அதிர்வில் கிழியும்.

காற்றால் குளிரும் எஞ்சினில் இன்னொரு கணக்கும் உண்டு. விசிறி இழுப்பது எஞ்சின் அறையின் காற்றை. அதனால் விசிறிக் கூட்டின் வாய்க்கு முன்னால் எதையும் தொங்கவிடக் கூடாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள் மேலே குளிர் காற்று, கீழே சைலன்ஸர் சூடு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பில்டரைக் கீழே வைத்து ஹோஸுக்காகத் தகட்டில் ஓட்டை போட்டவர்கள், ஒயிலைச் சுத்தமாக்கி எஞ்சினைச் சுட வைத்தவர்கள். ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் இரப்பர் வளையம் கட்டாயம்.

சுவர் ஆடாது, எஞ்சின் ஆடும். ஹோஸ் இழுபடாமல் ஒரு வளைவு விட்டு வைக்க வேண்டும். விசிறிக் கூட்டின் அடியோடு கொண்டுபோய், இன்டேக் குழாயைச் சூடாக்கும் சின்னக் குழாயிலிருந்து விலக்கிக் கட்டியது. அது சைலன்ஸர் புகை போகும் குழாய், தொட்டால் ஹோஸ் வெந்துவிடும்.

16 மார்ச், சனி

திரும்பும் ஒயில் எங்கே போவது? சிலர் வால்வ் மூடியில் விடுகிறார்கள். அங்கிருந்து ஒயில், வால்வைத் தள்ளும் கம்பி ஓடும் புஷ்ரொட் குழாய் வழியாகத்தான் வடிந்து திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எப்போதும் நிரம்பி நிற்பது நல்லதல்ல. ஒயில் ஊற்றும் கழுத்துதான் சரியான இடம். இந்த எஞ்சினில் அது டைனமோ நிற்கும் தாங்கியின் வலப்பக்கம், தனியாகக் கழன்று வரும் உருக்குத் துண்டு. கழற்றி, 10 மிமீ குழாய் ஒன்றை உள்ளே கீழ்நோக்கிச் சரித்துப் பித்தளை வைத்து ஒட்டியாயிற்று.

சரிவு முக்கியம். நேராக உள்ளே பீச்சினால் ஒயில், எஞ்சின் வாயு வெளியேறும் மூச்சுக் குழாயின் வாயில் தெறித்து, வாயுவோடு வெளியே போய் வீதியில் சொட்டும். ஒட்டிய பின் உட்பக்கத்தில் கண்ணாடிபோல் படிந்திருக்கும் ஃப்ளக்ஸை (ஒட்டும்போது போடும் பொடி) சுரண்டி, கொதிநீரில் ஊறவிட்டு, கம்பித் தூரிகை போட்டுக் கழுவியது. அது உடைந்து விழுந்தால் நேரே சம்ப்புக்குத்தான்.

17 மார்ச், ஞாயிறு

பூட்டி முடிந்தது. மரைகளுக்குத் திரவ சீலன்ட், முதல் இரண்டு மரையை விட்டுப் பூசியது. வெள்ளை டெஃப்லான் நாடா வேண்டவே வேண்டாம். அதன் ஒரு நூல் பிரிந்து ஜெட்டை அடைத்தால் பில்டர் வெறும் அலங்காரம். பில்டருக்குள் ஒயில் ஊற்றி நிரப்பி, இரப்பர் வளையத்தில் ஒயில் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. எஞ்சின் கிளம்பாமல் இருக்கக் கொயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் செய்து, பச்சை விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, பிறகுதான் கிளப்பியது.

குளிரில் எல்லாம் சரி. 20 கிலோமீற்றர் ஓடி வந்து ஐடிலில் நின்றதும் பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது. மானியில் 0.4 பார். சுவிட்ச் 0.15-க்கும் 0.45-க்கும் இடையில் எரியும் வகை, ஆகவே விளக்கில் பிழையில்லை.

திரும்பும் ஹோஸைக் கழுத்திலிருந்து கழற்றி ஒரு அளவுப் போத்தலுக்குள் விட்டு, எஞ்சினைப் பத்தே பத்து விநாடி ஐடிலில் ஓட்டிப் பார்த்தால் 400 மிலி. நிமிடத்துக்கு 2.4 லீற்றர்! சம்ப்பில் இருப்பதே இரண்டரை. டீ-இணைப்பைக் கழற்றி ட்ரில் பிட்டின் காம்பை விட்டுப் பார்த்ததில் 3 மிமீ காம்பு தாராளமாக உள்ளே போகிறது. ஜெட் என்று சொல்லி விற்றது வெறும் துளை.

23 மார்ச், சனி

லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு செருகு கடைந்து, நடுவில் 1.5 மிமீ துளை. விட்டம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்று, போகும் ஒயிலும் ஏறக்குறைய நாலில் ஒன்று. 1 மிமீ போட்டாலும் பிழையில்லை, ஆனால் கரித்துண்டு ஒன்று வந்தால் அடைத்துவிடும். 2 மிமீக்கு மேல் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

ஜெட்டை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பில்டருக்குப் பின்னால் வைத்தால் சுத்தமான ஒயில்தான் வரும், அடைக்காது என்பது ஒரு கட்சி. உண்மைதான். ஆனால் ஹோஸ் ஒன்று வெடித்தால் எஞ்சின் முழு வேகத்தில் ஒயிலைக் கக்கும். ஜெட் எஞ்சினோடு ஒட்டி டீ-இணைப்புக்குள்ளேயே இருந்தால், வெடித்தாலும் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போகாது. மணத்தை வைத்து நிறுத்த ஒரு நிமிடம் கிடைக்கும். இந்தக் காருக்கு இரண்டாவது கட்சி. அதில் டீ-இணைப்பே முறிந்தால் காப்பில்லை என்பதால், அதன் முனையில் கனமான மானியைத் தொங்கவிடவில்லை. சோதனை முடிந்ததும் மானியைக் கழற்றிச் சின்னச் சுவிட்ச் மட்டும் பூட்டியாயிற்று.

சூட்டில் ஐடில் 0.7 பார், 2500-இல் 2.5. போத்தலில் 30 விநாடிக்கு 400 மிலி. முந்திய ஞாயிறு குழாய்த் தண்ணீர்போல் கொட்டியது, இன்று தேன் ஊற்றுவதுபோல் அறாத ஒரே இழை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் ஒயில் இன்னும் தேநீர் நிறம்தான்.

24 மார்ச், ஞாயிறு

ஒயில் அளவு. 2.5 லீற்றர் ஊற்றிய பின், பில்டருக்கும் ஹோஸுக்கும் இன்னொரு 0.4 லீற்றர் போயிற்று. ராத்திரி நின்ற காரில் டிப்ஸ்டிக் மேல் கோட்டைத் தாண்டிக் காட்டினால் பதற வேண்டாம். பில்டரில் இருப்பதில் கொஞ்சம் வந்த வழியே பெயரிங் ஊடாகச் சம்ப்புக்கு இறங்கியிருக்கும். ஓடி நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, சமதரையில் பார்ப்பதே கணக்கு. அதிகம் என்று நினைத்து வடித்தால் ஓடும்போது குறைவாகிவிடும்.

6 ஏப்ரல், சனி

பூட்டியதிலிருந்து 310 கிமீ. கசிவு இல்லை. விசிறிக் கூட்டின் விளிம்பில் ஹோஸ் உரசி ஒரு பளபளப்பான வரி விழுந்திருக்கிறது. பழைய டியூபைப் பிளந்து சுற்றிக் கட்டி, கிளிப்பை ஒரு அங்குலம் நகர்த்தியது.

பில்டர் வேலை செய்கிறதா என்று அறிய மானி வேண்டாம். பதினைந்து நிமிடம் ஓடியபின் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகியும் பில்டர் வெதுவெதுப்பாகவே இருந்தால் ஜெட் அடைத்துவிட்டது.

17 ஓகஸ்ட், சனி

1600 கிமீ. முதல் பில்டரை மட்டும் சீக்கிரம் மாற்றியது, பழைய எஞ்சினில் ஊறிய அழுக்கு முதலில்தான் வரும். அடுத்தவை 5000-க்கு ஒன்று, ஒயிலோடு சேர்த்து. பில்டர் பூட்டியதற்காக ஒயில் மாற்றும் கணக்கை நீட்டக் கூடாது. பெற்றோல் கலப்பும் ஈரமும் அமிலமும் காகிதத்தில் நிற்கமாட்டா. வலையையும் ஒவ்வொரு முறையும் கழுவியே ஆக வேண்டும்.

பில்டரை ஆக்ஸோ பிளேடால் வெட்டினால் இரும்புத் தூள் ஒயிலில் கலந்து ஏமாற்றும், தகரம் வெட்டும் கத்தியே நல்லது. உள்ளே காகித மடிப்புகளைப் பிரித்து வெள்ளைத் தட்டில் விரித்தது. கறுப்புச் சேறு நிறைய, எதிர்பார்த்ததே. காந்தத்தில் ஒட்டியது ஒரு சிட்டிகை, மயிர்போல் மெல்லிய இரும்பு. காந்தத்துக்கு வராத வெள்ளிச் செதில் இருந்தால் பெயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், இல்லை. மடிப்பின் அடியில் மஞ்சளாக நாலைந்து மினுக்கம் இருந்தது. இந்த எஞ்சினில் மஞ்சள் என்றால் கிராங்க் மேலுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டும் பித்தளைப் பல்சக்கரம். நாலைந்து புள்ளிக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

அந்தத் துணுக்குகளைத் தெளிந்த பசைநாடாவில் ஒட்டி, தேதியும் கிலோமீற்றரும் எழுதி வைத்திருக்கிறது. 5000-இல் அடுத்த பில்டரை வெட்டும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.