கோப்பில் இருந்த படம்

“நீ எடுத்த போட்டோவக் காட்டித்தாம்பா எங்கள போவச் சொல்றாங்கோ.”

சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் அந்த அக்கா இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேமராவோடு தெருவில் நிற்பவனுக்குத் திட்டு பழக்கம்தான். விபத்து நடந்த இடத்தில், பிணவறை வாசலில், வேலை போன தொழிலாளர்கள் கூடி நிற்கும் கேட்டில் என்று எல்லா இடத்திலும் வாங்கியிருக்கிறேன். எப்போது கேமராவை இறக்க வேண்டும், எப்போது பேசாமல் நகர்ந்துவிட வேண்டும் என்பது கைக்கே தெரியும். இவர் திட்டவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைத் தெரிவிப்பது மாதிரிச் சொன்னார். அதற்கு எந்தப் பழக்கமும் கைகொடுக்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி என்பதெல்லாம் சென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். நான் சொல்லும் படம் 2ஆம் தேதி காலையில் மறைமலையடிகள் பாலத்தின் மேலிருந்து எடுத்தது. 70-200 லென்ஸைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அப்படியும் ஈரம் உள்ளே ஏறி, துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. கரையோர வீடுகளில் கூரை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே. ஒரு தகரக் கூரையில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எவர்சில்வர் குடம் ஒன்றை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார். குடத்துக்குள் ரேஷன் கார்டும் பையனின் சர்ட்டிபிகேட்டும் இருந்தன என்பது பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்தது.

அவருக்கு வலப்பக்கம் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பு. ஆற்றிலிருந்து ஏறக்குறைய அதே தூரம்தான். சுற்றுச்சுவர் சரிந்து, கார் நிறுத்தும் தளம் முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. முதல் மாடி பால்கனியில் நின்றவர்கள் படகைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். குடத்தை வைத்திருந்த பெண்ணை நெருக்கமாகச் சில ஃப்ரேம் எடுத்தேன். அப்புறம் அந்தக் கட்டடமும் சேரட்டும் என்றுதான் லென்ஸை 70க்கு இழுத்து அகலமாக எடுத்தேன். தகரக் கூரையும் பால்கனியும் ஒரே தண்ணீரில். அதுதான் அன்றைக்கு நான் பார்த்தது.

சிக்னல் இல்லாததால் மெமரி கார்டைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பேப்பர் வருவதே பெரிய காரியம். 1878இல் தொடங்கிய ‘தி இந்து’வே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை, ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எங்கள் பேப்பர் எப்படியோ மறுநாள் வந்தது. முதல் பக்கத்தில் நான்கு காலம் (பத்தி) அகலத்துக்கு அந்தப் படம், கீழே என் பெயர். அகலமான ஃப்ரேமைத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் வலப்பக்கம் வெட்டியிருந்தது. கட்டடம் இல்லை.

ஏன் வெட்டினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை. நான்கு காலத்தில் முழு ஃப்ரேமையும் போட்டால் அந்தப் பெண் ஒரு புள்ளியாகிவிடுவார், குடம் கண்ணுக்கே தெரியாது. பார்க்கிறவரின் கண் முதலில் பால்கனிக்குப் போகும், அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். அந்த எடிட்டர் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தாலும் நான் அதே இடத்தில்தான் கோடு போட்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான். யாராவது தவறு செய்திருந்தால் அவர் மீது பாரத்தை இறக்கிவிடலாம்.

வெள்ளம் வடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அந்தக் கரையோரக் குடும்பங்களை, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். லாரிகள் வந்து நின்ற அந்தக் காலை எனக்கு அன்றைய அசைன்மென்ட்களில் ஒன்று. அதற்கு முன்னால் ஒரு திறப்பு விழா, பின்னால் ஒரு பிரஸ் மீட். எங்கள் வேலை அப்படித்தான் ஓடும். மே மாதம் அக்னி நட்சத்திரத்துக்குத் தர்பூசணிக் கடை, அக்டோபர் வந்தால் துரைசாமி சுரங்கப்பாதையில் தள்ளிக்கொண்டு போகும் பைக், வெயிலோ மழையோ ஒரு கட்சிக்காரரின் கைகூப்பல். ஒன்றை முடித்து ஒன்றுக்கு வண்டியை எடுக்கும் நடுவில்தான் மனிதர்களைச் சந்திக்கிறோம். அங்கே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். கணக்கெடுப்புப் பட்டியல் இருந்த கோப்பில் என் படத்தின் ஜெராக்ஸ், கீழே என் பெயர் போட்ட பைலைனோடு. வர மறுத்த ஒருவரிடம் ஓர் அதிகாரி அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். “உன் வீட்ட நீயே பாரு. அடுத்த தடவ புள்ளைங்க போயிடும், பரவால்லையா?”

அந்த அதிகாரி கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே பயந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். அன்று இரவு இந்த ஊரில் தண்ணீரில் போன உயிர்கள் உண்டு. அதை மறந்துவிட்டு நான் இங்கே நியாயம் பேச முடியாது.

படத்தில் குடத்தோடு இருந்த அந்த அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “அன்னிக்கு பிரிட்ஜு மேல நின்னுனு எடுத்தது நீதானப்பா?” வெள்ளம் வடிந்ததும் நான் அவரைத் தேடிப்போய்ப் பேப்பரைக் கொடுத்திருந்தேன், அதனால் முகம் தெரியும். ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் முதலில் சொன்ன அந்த வாக்கியம்.

“உங்களுக்கு உதவி வரணும்னுதான்க்கா எடுத்தேன்.”

“வந்துச்சே. பாலு வந்துச்சு, பாயி வந்துச்சு, போர்வ வந்துச்சு. இப்போ லாரி வந்துருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தபடி கேட்டார்: “அந்த அபார்ட்மென்ட்டு ஏம்ப்பா போட்டோல இல்ல? அவங்க காருங்ககூட முங்கித்தான போச்சு?”

“பேப்பர்ல எடம் பத்தலக்கா” என்றேன்.

பொய் இல்லை. நான்கு காலம்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது இந்தப் பேச்சு. இதற்கு நான் எத்தனையோ பதில்களைப் பிற்பாடு வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்திருக்கிறேன். ‘நான் எடுத்தேன்க்கா, அவங்கதான் வெட்டிட்டாங்க’ என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் என் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்வேன், அவருக்கு அதனால் என்ன? ‘உங்க முகம் பெருசா தெரியணும்னுதான் வெட்டினாங்க’ என்று சொல்லியிருக்கலாம். அதுதான் முழு உண்மை. அதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் தொழிலில் விதிகள் இல்லாமல் இல்லை. கணினியில் ஒரு மின்கம்பியை அழித்தால்கூட வேலை போய்விடும். 2006இல் பெய்ரூட் படம் ஒன்றில் புகையைக் கூட்டிக் காட்டியதற்காக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு ஃப்ரீலான்ஸரை விலக்கியதோடு அவர் எடுத்த 920 படங்களையும் நீக்கியது. சரியான முடிவு. ஆனால் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தை க்ராப்பில் வெளியேற்றுவது விதிமீறல் இல்லை. அதை நல்ல எடிட்டிங் என்கிறோம். நானும் அப்படித்தான் கற்றேன், எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எதையாவது ஃப்ரேமுக்கு வெளியே விடுவதே தப்பு என்றும் சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படத்தில், மணலில் கைகளை விரித்துக் கவிழ்ந்து அழும் பெண்ணுக்கு முன்னால் இறந்தவரின் கை மட்டும்தான் தெரியும். உடலும் முகமும் ஃப்ரேமுக்கு வெளியே. அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் போட்டோ அதுதான். அங்கே வெளியே விட்டது இறந்தவருக்குச் செய்த மரியாதை. படத்தின் பலமும் அதுவே. என் படத்திலும் அந்தப் பெண்ணுக்கு மரியாதை செய்யத்தான் மற்றதை விலக்கினோம். அவரைத் தனியாக, பெரிதாக, கண்ணியமாகக் காட்டினோம். தனியாகக் காட்டியதாலேயே, ஆற்றுக்குள் போய்க் குடியிருந்தது அவர் ஒருவர்தான் என்பது போல ஆகிவிட்டது.

அடையாறு பொங்கியதற்குக் காரணம் கரையிலிருந்த குடிசைகள் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. இந்த ஊரில் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலம் கட்டிப் போட்டதுதான். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. இதையெல்லாம் ஒரு படத்தில் காட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பால்கனியைக் காட்ட முடிந்திருக்கும்.

அப்புறம் மறுபக்கமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் போகச் சொன்னார்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், சாலையெல்லாம் தண்ணீர். அந்த அக்காவின் பையனை அங்கே பார்த்தேன், இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குக் கூட்டிப் போனான். வீடு மேல்மாடியில். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. “இங்க கூரை மேல ஏறி உக்கார வேண்டியதில்லண்ணா, வீட்டுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு” என்றான். அம்மா சைதாப்பேட்டையில் வீட்டு வேலை செய்த இடங்கள் எல்லாம் போய்விட்டன. பஸ்ஸில் போய்வரவே பாதி நாள் ஆனதால் ஒவ்வொன்றாக நின்றுபோனதாம். அந்த அக்கா என்னிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மாம்பலத்தில் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன், அங்கே யாருக்காவது சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். தங்கி வேலை செய்பவர்தான் வேண்டும் என்றார்கள்.

அன்று பெரும்பாக்கத்தில் எடுத்த படங்களை அனுப்பும்போது கேப்ஷனோடு, வலப்பக்கம் வெட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போதெல்லாம் அப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. டெஸ்க்கில் இருக்கும் பையன்கள் நல்லவர்கள், சில நாள் கேட்பார்கள், இடம் இல்லாத நாளில் வெட்டுவார்கள். கேட்ட நாட்களில் வந்த படங்கள் பல நேரம் சுமாராகத்தான் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கண் நிற்க இடமில்லாமல் எல்லாம் சிதறிக் கிடக்கும். முழு உண்மையைக் காட்டுகிறேன் என்று ஒருவரையும் காட்டாமல் போகிறேனோ என்று அப்போது தோன்றும்.

அன்று அந்தப் படத்தை வெட்டிய எடிட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது முதல்முறையாக இதைப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். “தம்பி, நீ ரொம்ப யோசிக்கிற. கட்டடத்தோட போட்டிருந்தாலும் அவங்கள அங்கேருந்து காலி பண்ணியிருப்பாங்க. முடிவு எப்பவோ பண்ணியாச்சு. உன் படம் ஒண்ணும் பண்ணல” என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர் இத்தனை வருஷம் இந்த ஊரைப் பார்த்தவர், சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். சரி சார் என்று சாப்பிடப் போய்விட்டேன். ஆனால் என் படம் ஒன்றும் பண்ணாது என்றால், பட்டியலுக்கு மேலே அதன் ஜெராக்ஸை எதற்காக வைத்திருந்தார்கள்?